குரூப் 1 நேர்முகத் தேர்வு, கையில் 20 நாள்: வினாத்தாளை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 முதன்மைத் தேர்வில் தேறிவிட்டார். நேர்முகத் தேர்வுக்கு 20 நாள் இருக்கிறது. சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம். பள்ளி முதல் கல்லூரி வரை தமிழ் வழி. வேதியியல் பட்டம். குரூப் 4 எழுதி வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறார். ஆங்கிலம் சரளமாக வராது. எந்தப் புத்தகம் படிப்பது, எத்தனை மாதிரி நேர்காணலுக்குப் போவது என்று கேட்கிறார். கேள்வி புத்தகத்தைப் பற்றி இருந்தாலும், மனத்தில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். இவ்வளவு எழுதிக் காட்டிய பிறகும் என்னிடம் இன்னும் எதைப் பார்க்கப் போகிறார்கள், ஆங்கிலப் பேச்சும் பெருநகரப் பழக்கமும் இல்லாத நான் அதற்குப் போதுமா என்பதுதான் அது. போதும். ஏன் என்பதையும், இந்த 20 நாளை எதில் செலவிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. முதன்மைத் தேர்வின் மூன்று பொதுத் தாள்களுக்கும் சேர்த்து 750, நேர்முகத் தேர்வுக்கு 100, மொத்தம் 850. தமிழ்த் தகுதித் தாளின் மதிப்பெண் இதில் சேராது. குறைந்தபட்ச மதிப்பெண் மொத்தத்துக்குத்தான் உண்டு: பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 255, மற்றவர்களுக்கு 340. நேர்முகத் தேர்வுக்கென்று தனி வரம்பு இல்லை. ஆக, எடையில் அது சுமார் 12 சதவீதம். சிறிதாகத் தெரியலாம். ஆனால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேர் வீதம் அழைக்கப்படும் கட்டத்தில், எழுத்துத் தேர்வில் எல்லாரும் அருகருகே நிற்பார்கள். அங்கே பத்து மதிப்பெண் வித்தியாசம் வேலை கிடைப்பதையும் மாற்றும், துணை ஆட்சியரா வேறு பதவியா என்பதையும் மாற்றும். தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லலாம். எந்தக் குழுவின் முன் உட்காரப் போகிறீர்கள் என்பது அன்று குலுக்கலில்தான் தெரியும். ஆகவே இன்ன உறுப்பினருக்கு இன்னது பிடிக்கும் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுத் தயாராவது வீண்.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று ஆணையம் பிரித்து வெளியிடுவதில்லை. தன்னம்பிக்கைக்கு 20, தோற்றத்துக்கு 10, அறிவுக்கு 40 என்று பயிற்சி மையங்களில் தாளில் அச்சடித்துத் தருவதெல்லாம் அவர்களின் ஊகம். வெளிர்நீலச் சட்டை போட வேண்டும், கடைசியில் எல்லாரையும் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும் என்பவையும் அப்படியே. நான் சொல்லப்போவதிலும் பாதி அனுபவத்தில் வந்த கணிப்புதான். கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எந்தப் பதிலில் கேட்பவரின் முகம் மாறுகிறது என்பது தெரியும். அதற்கு எத்தனை மதிப்பெண் விழுந்தது என்பது தெரியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். எழுத்துத் தேர்வில் வினாத்தாளை ஆணையம் தயாரித்தது. நேர்முகத் தேர்வின் வினாத்தாளில் பெரும்பகுதியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் நிரப்பிய தன்விவரப் படிவம்தான் அது. மாவட்டம், பட்டம், இப்போதைய வேலை, பொழுதுபோக்கு, விளையாட்டு, கல்லூரி முடித்ததற்கும் வேலையில் சேர்ந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாம் அதில் இருக்கிறது. குழுவினர் உங்களை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். பேச்சைத் தொடங்க அவர்களுக்கு ஒரு பிடி வேண்டும், அந்தப் பிடி இந்தப் படிவத்தில்தான் கிடைக்கும். அதன் நகல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் கேள்வி தகவலாக இருக்கட்டும், இரண்டாவது 'ஏன்' என்று, மூன்றாவது 'நீங்கள் அந்த அதிகாரியாக இருந்தால்' என்று. ஐந்து நாள் இதற்கே போகும், போகட்டும். பொது அறிவுப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டுவதைவிட இது பத்து மடங்கு பலன் தரும்.

உங்கள் வேதியியலை எடுத்துக்கொள்வோம். 'வேதியியல் படித்துவிட்டு நிர்வாகத்துக்கு ஏன் வருகிறீர்கள்?' என்பது நிச்சயம் வரக்கூடிய கேள்வி. 'மக்கள் சேவை செய்ய' என்ற பதில் அன்று காலை முதல் அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்ததாக இருக்கும். அதற்குப் பதில் உங்கள் பாடம் நிர்வாகத்தைத் தொடும் இடத்தைக் காட்டுங்கள். 2024 ஜூனில் உங்கள் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் ஏன் கொல்கிறது என்று வேதியியல் பட்டதாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லீரலில் அது ஃபார்மால்டிஹைடாகவும் பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது, ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறுகிறது, பார்வை நரம்பு கெடுகிறது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்து ஃபோமெபிசோல். குடித்துச் சில மணி நேரம் கழித்தே கடுமையான அறிகுறி தெரிவதால், நன்றாக இருப்பவர்போல் தோன்றுபவரையும் வீடு வீடாகப் போய் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கடைசியாகச் சொன்னது பாடநூலில் உள்ள வரி இல்லை, வருவாய்த் துறையும் காவல் துறையும் மருத்துவத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. பாடம் நிர்வாகமாக மாறும் இடம் அது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் வந்தது என்பதையும், கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-இல் திருத்தி தண்டனைகளைக் கூட்டினார்கள் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதே வழியில் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் இன்னொரு உதாரணம். அந்த மாசு தொடர்பாக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல் 'மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது.

அடுத்தது உங்கள் வேலை. இளநிலை உதவியாளர் என்பதைச் சிறுமையாக நினைத்துக் குரலைத் தாழ்த்திச் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. நேரடியாகக் கல்லூரியிலிருந்து வருபவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, ஒரு கோப்பு எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்ற அறிவு. ஆனால் அதே காரணத்தால் கேள்வியும் கூர்மையாக வரும். பட்டா மாறுதலில் உட்பிரிவு செய்ய, அதாவது நிலத்தை அளந்து பிரிக்க வேண்டியிருந்தால் கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர் என்று எப்படிப் போகிறது, உட்பிரிவு இல்லாவிட்டால் மண்டலத் துணை வட்டாட்சியர் மட்டத்தில் எப்படி முடிகிறது என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் ஆகிய நான்கு நில ஆவணங்களும் தனித்தனியே எதைக் காட்டுகின்றன என்பதையும் ஒவ்வொரு வரியில் சொல்லிப் பழகுங்கள். ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) என்றால் என்ன, இப்போது எந்தப் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்று கேட்டால் விரல் விட்டு எண்ணக் கூடாது. ஜூலை 1-இல் பசலி ஆண்டு தொடங்குகிறது, அந்த ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் போதும். 2025 ஜூலை 1-இல் தொடங்கியது பசலி 1435. முக்கியமான ஒன்று: 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி வட்டாட்சியர் உத்தரவின்மீது மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியரிடமும், சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடமும் போகும். துணை ஆட்சியராகத் தேர்வானவர் உட்காரும் நாற்காலிகளில் ஒன்று கோட்டாட்சியர் நாற்காலி. அதாவது இன்று உங்கள் அலுவலகத்திலிருந்து போகும் உத்தரவுகளின் சரி தவறை நாளை நீங்கள் கேட்கும் நாற்காலிக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறீர்கள். 'உங்கள் அலுவலகத்தில் நீங்கள் மாற்ற விரும்பும் ஒன்று எது?' என்று கேட்டால் மேலதிகாரியைக் குறை சொல்லாமல், கணினியை மட்டும் மருந்தாகச் சொல்லாமல், ஒரே ஒரு நடைமுறையைச் சொல்லுங்கள். மனு நிராகரிக்கப்படும்போது காரணத்தை மனுதாரருக்குப் புரியும் தமிழில் இரண்டு வரி எழுதுவது என்பதுகூட நல்ல பதில். அது ஏன் நடப்பதில்லை, நடக்க என்ன வேண்டும் என்பது வரை சொல்ல முடிந்தால்.

சொந்த மாவட்டம் பற்றித் தீபத் திருவிழா, 14 கிலோமீட்டர் கிரிவலம், ஆரணிப் பட்டு, வந்தவாசிக் கோரைப்பாய், 1760 வந்தவாசிப் போர் என்று எல்லாரும் தயாராகித்தான் வருவார்கள். அது அடித்தளம், அவ்வளவுதான். கேள்வி நிற்கப்போவது சிக்கல் உள்ள இடத்தில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதே நேரத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் வரை வெள்ளம் போனது. இதில் கேள்வி எண்ணிக்கை பற்றி வராது. மலையடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவர்களை மழைக்கு முன் எப்படி இடம் மாற்றுவீர்கள், போக மறுத்தால் என்ன செய்வீர்கள், அணை திறப்பு எச்சரிக்கை கடைசிக் கிராமத்துக்கு எத்தனை மணி நேரத்தில் எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வரும். உங்கள் ஊர்ப் பக்கமே இன்னொன்று இருக்கிறது. செய்யாறு சிப்காட் (அரசு தொழிற்பேட்டை) விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து மேல்மா பகுதியில் 2023-இல் நடந்த போராட்டமும், சிலர்மீது குண்டர் சட்டம் போடப்பட்டுப் பின் விலக்கிக்கொள்ளப்பட்டதும். செய்யாறு என்று படிவத்தில் பார்த்ததும் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். தொழில் வேண்டும், விளைநிலமும் வேண்டும் என்று நடுவில் நின்று கைகழுவும் பதில் எடுபடாது. தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தில் ஆட்சேபணை கேட்கும் கட்டம் எங்கே வருகிறது, இழப்பீடு எப்படி நிர்ணயமாகிறது, பட்டா இல்லாத குத்தகைதாரருக்கும் கூலிக்காரருக்கும் என்ன கிடைக்கிறது என்று அதிகாரியின் வேலை தொடங்கும் இடத்திலிருந்து பேசுங்கள். ஊர்க்காரர் என்ற முறையில் உங்களுக்கு ஓர் உணர்வு இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அது முடிவைத் தீர்மானிக்கவும் கூடாது.

பொழுதுபோக்கு விஷயத்தில் ஒரு வரி போதும். நிஜமாகச் செய்யாததை எழுதியிருந்தால் இன்றே செய்யத் தொடங்குங்கள். 'தோட்டம்' என்று எழுதியவரிடம் கத்திரியில் தண்டுத்துளைப்பானுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் விழிக்கக் கூடாது.

சூழல் கேள்விகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'நீங்கள் கோட்டாட்சியர். நாளை காலை கோயில் தேர். எந்தத் தெரு வழியாகத் தேர் போக வேண்டும் என்பதில் இரு தரப்புக்குத் தகராறு. மாலை ஆறு மணிக்கு உங்களுக்குத் தகவல் வருகிறது. என்ன செய்வீர்கள்?' இதற்கு வரும் வழக்கமான பதில், 'உடனே 144 போடுவேன்' என்பது, அதாவது தடை உத்தரவு. இதில் இரண்டு தவறு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இல்லை, அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 144 இப்போது பிரிவு 163. பேச்சு வழக்கில் இன்னும் 144 என்றே எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் உத்தரவில் கையெழுத்துப் போடப்போகிறவர் பழைய எண்ணைச் சொன்னால் அந்தச் சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். இரண்டாவது தவறு பெரியது. கடைசியில் எடுக்க வேண்டிய ஆயுதத்தை முதலில் எடுத்துவிட்டீர்கள்.

நல்ல பதிலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் உண்மை என்ன: வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், காவல் ஆய்வாளர் மூவரிடமும் தனித்தனியே கேட்பேன். அடுத்து பதிவு என்ன சொல்கிறது: போன ஆண்டு தேர் எந்த வழியில் போனது, முன்பு அமைதிப் பேச்சுவார்த்தை நடந்து இரு தரப்பும் கையெழுத்திட்ட தீர்மானம் இருக்கிறதா, நீதிமன்ற உத்தரவு ஏதும் உண்டா. பிறகு மக்கள்: காவல் துணைக் கண்காணிப்பாளரையும் அறநிலையத் துறை அலுவலரையும் வைத்துக்கொண்டு அன்றிரவே இரு தரப்பையும் அழைத்துப் பேசி, முடிவை எழுதிக் கையெழுத்து வாங்குவேன். அதற்குப் பிறகுதான் சட்டம்: தொல்லை தரக்கூடியவர்கள் என்று காவல் துறை குறிப்பிடும் நபர்களிடம் பிரிவு 126-இன் கீழ் பிணைப்பத்திரம். அப்படியும் ஆபத்து நீங்காவிட்டால் பிரிவு 163. அந்த உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது என்பதும், காரணம் எழுதாமல் போட்டால் நீதிமன்றத்தில் நிற்காது என்பதும் சொல்லப்பட வேண்டும். முழுவதிலும் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தரப்பு பட்டியலின மக்களாக இருந்து, பொதுத் தெருவில் அவர்களுக்கு உள்ள உரிமை மறுக்கப்படுகிறது என்றால் மட்டும் கணக்கு மாறும். அங்கே உரிமை பேரம் பேசும் பொருளாகாது, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் முன்னால் வந்து நிற்கும். இந்த வேறுபாட்டை நீங்களாகவே கேள்விக்குள் பார்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதே ஒழுங்கைக் கொஞ்சம் அமைதியான வழக்குகளிலும் போட்டுப் பாருங்கள். ஒரு முதியவர் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் வந்து, வீட்டை மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தேன், இப்போது துரத்திவிட்டான் என்கிறார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, தீர்ப்பாயத் தலைவர் கோட்டாட்சியரேதான். பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பிரிவு 23-இன் கீழ் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம், ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அன்றிரவு அவர் எங்கே தூங்குவார் என்பது இந்தச் சட்டப் பேச்சுக்கெல்லாம் முந்திய கேள்வி. அதை முதலில் சொல்லுங்கள்.

நேர்மை பற்றிய கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். மேலதிகாரி வாய்மொழியாகத் தவறான ஒன்றைச் செய்யச் சொன்னால்? 'எதிர்ப்பேன், ராஜினாமா செய்வேன்' என்பது சினிமா வசனம். 'சொன்னபடி செய்வேன்' என்றால் கதை முடிந்தது. விதி இடம் தராத காரணத்தைக் குறிப்பாக எழுதிக் கோப்பில் வைத்து, உத்தரவை எழுத்தில் கேட்பேன் என்பதுதான் அரசு நடைமுறை. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்கள்மீது இன்றைக்கே பொருந்துபவை, அதை ஒருமுறை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள்.

மும்மொழி, தொகுதி மறுவரையறை, மதுக்கடை, இடஒதுக்கீடு போன்றவற்றில் கருத்துக் கேட்டால் பயந்து நழுவ வேண்டாம், கட்சி மேடைப் பேச்சும் வேண்டாம். உண்மைகளில் தொடங்குங்கள். உதாரணத்துக்கு, மறுவரையறை என்றால் மக்களவையில் மாநிலங்களுக்கான இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படி இருக்கின்றன, 2001-இல் வந்த 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பு வரை நிறுத்திவைத்தது. பிறகு இரு பக்கத்தின் வலுவான வாதத்தையும் ஒவ்வொரு வாக்கியத்தில், கடைசியில் உங்கள் நிலைப்பாட்டை அமைதியாக. குழு எதிர்த்துக் கேட்டால் உடனே கட்சி மாறாதீர்கள். புதிய காரணம் தந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே அழுத்திப் பார்ப்பார்கள், அது கோபம் இல்லை.

தெரியாத கேள்வி வரும், எல்லாருக்கும் வரும். 'மன்னிக்கவும், தெரியவில்லை' என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு முகத்தைத் தயாராக வைத்திருங்கள். ஊகித்துச் சொல்வதானால் ஊகம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். எண்ணைக் குத்துமதிப்பாக அடித்துவிடுவதுதான் பெரிய கேடு. தவறு என்று தெரிந்ததும் அதுவரை நீங்கள் சொன்ன சரியான எண்களின்மீதும் சந்தேகம் விழும்.

ஆங்கிலம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். தமிழில் பேசுவது குறையில்லை, தயக்கமில்லாமல் 'தமிழில் பதில் சொல்கிறேன்' என்று தொடங்கலாம். ஆங்கிலத்தில் கேட்கும் கேள்வி புரிய வேண்டும், அதற்குத் தினம் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தியைக் காதால் கேளுங்கள். பாதி ஆங்கிலத்தில் தொடங்கி நடுவில் சொல் கிடைக்காமல் தமிழுக்குத் தாவுவதுதான் பதிலைக் கெடுக்கும். தமிழிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேடைத் தமிழ் வேண்டாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு நல்ல அதிகாரி மனுதாரரிடம் பேசும் தமிழ், முழு வாக்கியமாக, சாதாரணக் குரலில். அதுதான் சரியான அளவு.

மாதிரி நேர்காணல் மூன்று போதும், அதிகம் போனால் ஐந்து. அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் சொல்லும் திருத்தமும் ஒன்றோடொன்று மோதி, உங்கள் பேச்சு யாருடையதோ ஆகிவிடும். முதலாவதை எட்டாவது நாளுக்கு முன் வைத்துக்கொள்ளாதீர்கள், படிவ வேலை முடிந்திருக்க வேண்டும். கடைசியைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். அதைவிடப் பயன் தருவது செல்போனில் பதிவு செய்து கேட்பது. தினமும் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. 'வந்து', 'அதாவது', 'பார்த்தீங்கன்னா' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள், நான்காவது நாளில் தானாகவே குறையும். பதிலை வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று குறிப்புச் சொற்களை மட்டும் நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடப் பதிலில் கண் மேலே போய்விடும், எதிரில் இருப்பவருக்கு அது உடனே தெரியும்.

படிக்க வேண்டியதில் பலர் விட்டுவிடும் ஒன்று, சட்டமன்ற மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு. அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மை, ஊரக வளர்ச்சி, காவல், வணிகவரி, கூட்டுறவு, தீயணைப்பு ஆறையும் அண்மை ஆண்டுக்குப் பார்த்தால் குரூப் 1 பதவிகளில் பெரும்பாலானவற்றின் வேலை உங்களுக்குப் பிடிபட்டுவிடும். துணை ஆட்சியர் கிடைக்காமல் தீயணைப்பு மாவட்ட அலுவலராகவோ கூட்டுறவுத் துணைப் பதிவாளராகவோ போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்போது, 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனதற்குக் கட்டடத்தில் என்னென்ன காரணம் என்று சொல்ல முடிந்தவரும், 'எதுவானாலும் சேவைதான் ஐயா' என்று முடிப்பவரும் ஒன்றாக மாட்டார்கள்.

அன்றைய நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. வெளிர் நிறச் சட்டை, அடர்நிறக் கால்சட்டை, முன்பே இரண்டு முறை போட்டு நடந்த செருப்பு அல்லது ஷூ. புடவையானால் பழகிய பருத்திப் புடவை. சென்னைக்கு முந்தின நாளே போய்விடுங்கள். உள்ளே போனதும் பொதுவாக ஒரு வணக்கம், உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது, கேள்வி முழுவதும் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது.

கவலைப்பட வேண்டியது சான்றிதழ்க் கோப்பைப் பற்றித்தான். நன்றாகத் தேறியவர்கள் தாளில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், சாதிச் சான்று எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அசலை வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு கேட்டிருந்தால், ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை படித்த ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் ஆணையம் தந்த படிவத்திலேயே சான்று இருக்க வேண்டும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டத்துக்கு மட்டும் வாங்கினால் போதாது. தொடக்கப் பள்ளிச் சான்றைத்தான் பலர் கடைசி நேரத்தில் தேடுகிறார்கள். அரசு ஊழியர் என்பதால் உங்களுக்குத் தடையின்மைச் சான்றும் தேவை. வருவாய் அலகில் இளநிலை உதவியாளரின் நியமன அதிகாரி மாவட்ட ஆட்சியர். ஆகவே அந்தக் கடிதம் உங்கள் வட்டாட்சியர் மேசையோடு நிற்காது, ஆட்சியர் அலுவலகப் பிரிவு வரை போய்த் திரும்ப வேண்டும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாக அதைக் கொடுங்கள். கொடுத்திருந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் எந்த எழுத்தரிடம் என்ன கோப்பு எண்ணில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.